பத்தொன்பதாவது எலக்ட்ரான் எங்கே போகிறது? அணுக்களின் எலக்ட்ரான் அமைப்பை எழுதும் முறை

எலக்ட்ரான் அமைப்பைப் பள்ளியில் முதன்முதலாகக் கற்கும்போது இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வந்து சேர்கின்றன. அணுக்கருவைச் சுற்றி எலக்ட்ரான்கள் அடுக்கடுக்காக அமையும் கூடுகளில், ஒரு கூட்டில் அதிக அளவாக எத்தனை எலக்ட்ரான்கள் இருக்கலாம் என்பது முதல் செய்தி: முதல் கூட்டில் 2, இரண்டாவதில் 8, மூன்றாவதில் 18, நான்காவதில் 32. பொட்டாசியத்தின் எலக்ட்ரான் அமைப்பு 2, 8, 8, 1 என்பது இரண்டாவது செய்தி. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு கேள்வி எழுந்தே தீரும். மூன்றாவது கூட்டில் 18 இடங்கள் இருக்கின்றன. அதில் எட்டுதான் நிரம்பியிருக்கின்றன. மீதிப் பத்து இடங்களையும் விட்டுவிட்டு, பத்தொன்பதாவது எலக்ட்ரான் ஏன் நான்காவது கூட்டுக்குப் போகிறது?

இந்தக் கேள்வியைக் கேட்காமலே பலர் மேல்வகுப்புக்குப் போய்விடுகிறார்கள். அங்கே எஸ், பி, டி, எஃப் என்று எழுத்துகள் வருகின்றன. அம்புக்குறிகள் சாய்வாக இறங்கும் ஒரு படம் வருகிறது. அதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிடுகிறார்கள். அந்தப் படத்தை மனப்பாடம் செய்யவே தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. பொட்டாசியத்தின் அந்த ஒரு எலக்ட்ரானைப் புரிந்துகொண்டு, தனிம வரிசை அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டால், சில விலக்குகள் தவிர எந்த அணுவின் அமைப்பையும் எழுதிவிடலாம்.

அந்த எலக்ட்ரான் உண்மையிலேயே நான்காவது கூட்டில்தான் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? ஓர் அணுவிலிருந்து மிக எளிதில் பிரியக்கூடிய ஒரு எலக்ட்ரானை வெளியேற்றத் தேவையான ஆற்றலை அயனியாக்கும் ஆற்றல் என்கிறோம். பதினெட்டு எலக்ட்ரான்கள் கொண்ட ஆர்கானுக்கு அது 15.76 எலக்ட்ரான் வோல்ட். அடுத்து நிற்கும் பொட்டாசியத்துக்கு வெறும் 4.34. ஒரே ஒரு எலக்ட்ரான் கூடியதும் இவ்வளவு பெரிய வீழ்ச்சி. லித்தியத்துக்கு 5.39, சோடியத்துக்கு 5.14, அந்த வரிசையில்தான் பொட்டாசியமும் அமர்கிறது. தண்ணீரில் போட்டால் சீறி எரிவதிலும், கத்தியால் வெட்டும் அளவுக்கு மென்மையாக இருப்பதிலும் அது சோடியத்தின் உறவு. ஆகவே அதன் கடைசி எலக்ட்ரான் நிரம்பிய கூடுகளுக்கு வெளியே, ஒரு புதிய கூட்டில் தனியாக இருக்கிறது. அது சோதனை சொன்ன பதில். ஏன் அப்படி என்பதை இனி பார்க்கலாம்.

அதற்கு முன் ஒரு சிறு தெளிவு. மின்சுமையற்ற அணுவைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம். அதில் எத்தனை புரோட்டான்களோ அத்தனை எலக்ட்ரான்கள். புரோட்டான்களின் எண்ணிக்கையே அணு எண். இரும்பின் அணு எண் 26, ஆகவே 26 எலக்ட்ரான்கள். அட்டவணைக் கட்டத்தில் கூடவே அச்சாகியிருக்கும் 55.85 என்பது அணு நிறை. அதற்கும் எலக்ட்ரான் எண்ணிக்கைக்கும் தொடர்பில்லை. தேர்வுத்தாளில் அவசரத்தில் அந்த எண்ணை எடுத்துக்கொள்பவர்கள் உண்டு.

கூட்டுக்குள் இருக்கும் பிரிவுகள்

கூடு என்பது உட்பிரிவுகள் இல்லாத ஒரே அறை அல்ல என்பதற்கான சான்று இரண்டாவது வரிசைத் தனிமங்களிடமே இருக்கிறது. லித்தியத்திலிருந்து நியான் வரை அயனியாக்கும் ஆற்றலை வரிசையாக எழுதிப் பாருங்கள்: லித்தியம் 5.39, பெரிலியம் 9.32, போரான் 8.30, கார்பன் 11.26, நைட்ரஜன் 14.53, ஆக்சிஜன் 13.62, ஃபுளூரின் 17.42, நியான் 21.56 எலக்ட்ரான் வோல்ட். அணுக்கருவின் மின்னூட்டம் ஒவ்வொன்றாகக் கூடுவதால் பிடிப்பும் ஒரே சீராகக் கூடியிருக்க வேண்டும். கூடவில்லை. இரண்டு இடங்களில் எண் சறுக்குகிறது: பெரிலியத்திலிருந்து போரானுக்கு வரும்போது ஒருமுறை, நைட்ரஜனிலிருந்து ஆக்சிஜனுக்கு வரும்போது மறுமுறை. பாடம் முழுவதும் இந்த இரண்டு சறுக்கல்களுக்குள் அடங்கியிருக்கிறது. அதனால் இவற்றைச் சற்று நின்று பார்ப்போம்.

முதல் சறுக்கல் சொல்வது இது: இரண்டாவது கூட்டின் முதல் இரண்டு எலக்ட்ரான்கள் ஒரு வகை, மூன்றாவதாக வருவது வேறு வகை, சற்று உயர்ந்த ஆற்றலில் இருப்பது, அதனால் எளிதில் பிரிவது. அதாவது இரண்டாவது கூட்டுக்குள் இரண்டு துணைக்கூடுகள் இருக்கின்றன. முதலாவதை எஸ் என்றும், அடுத்ததை பி என்றும் அழைக்கிறோம். இந்த எழுத்துகள் பழைய நிறமாலை ஆய்வாளர்கள் கோடுகளுக்கு இட்ட பெயர்களிலிருந்து வந்தவை. வெறும் அடையாளமாக எடுத்துக்கொண்டால் போதும்.

முதல் கூட்டில் எஸ் மட்டும். இரண்டாவதில் எஸ், பி. மூன்றாவதில் எஸ், பி, டி. நான்காவதில் எஸ், பி, டி, எஃப். ஒவ்வொரு கூட்டுக்கும் ஒரு வகை கூடுகிறது. ஆகவே 1பி என்றோ, 2டி என்றோ, 3எஃப் என்றோ எதுவும் கிடையாது.

ஒவ்வொரு துணைக்கூட்டுக்குள்ளும் ஆர்பிட்டால்கள் இருக்கின்றன. எலக்ட்ரான் பெரும்பாலும் காணப்படக்கூடிய வெளிக்குத்தான் ஆர்பிட்டால் என்று பெயர். கோள் சுற்றிவரும் பாதையைப் போல அதைக் கற்பனை செய்ய வேண்டாம். எஸ் வகையில் ஓர் ஆர்பிட்டால், பி வகையில் மூன்று, டி வகையில் ஐந்து, எஃப் வகையில் ஏழு. ஓர் ஆர்பிட்டாலில் எத்தனை எலக்ட்ரான்கள் இருக்கலாம் என்பதை முடிவு செய்வது உல்ஃப்காங் பௌலி 1925இல் முன்வைத்த தவிர்ப்புத் தத்துவம். ஓர் அணுவில் எந்த இரண்டு எலக்ட்ரான்களுக்கும், அவற்றின் நிலையைக் குறிக்கும் நான்கு குவாண்டம் எண்களும் ஒன்றுபோல இருக்க முடியாது என்கிறது அது. ஒரே ஆர்பிட்டாலில் இருக்கும் எலக்ட்ரான்களுக்கு மூன்று எண்கள் ஏற்கெனவே ஒன்றாகிவிடுகின்றன. மிஞ்சியிருப்பது தற்சுழற்சி. அதற்கு இரண்டே மதிப்புகள்தான், மேல்நோக்கியும் கீழ்நோக்கியும். ஆகவே ஓர் ஆர்பிட்டாலில் இரண்டு பேருக்கு மேல் இடமில்லை. அந்த இரண்டு பேரும் எதிரெதிர்த் தற்சுழற்சி கொண்டிருக்க வேண்டும்.

இதிலிருந்து கொள்ளளவு தானாக வந்துவிடுகிறது. எஸ் 2, பி 6, டி 10, எஃப் 14. மூன்றாவது கூட்டின் 18 என்பது 2, 6, 10 ஆகியவற்றின் கூட்டுத்தொகை. நான்காவதின் 32 என்பது அதனுடன் 14 சேர்ந்தது. தொடக்கத்தில் சூத்திரமாகப் படித்த எண்கள் எங்கிருந்து பிறந்தன என்பது இப்போது தெரிகிறது.

எழுதும் முறை எளிது. முன்னால் கூட்டின் எண், அடுத்து துணைக்கூட்டின் எழுத்து, மேலே சிறிய எண்ணாக அதிலுள்ள எலக்ட்ரான்களின் எண்ணிக்கை. ஹைட்ரஜன் 1எஸ்¹. ஹீலியம் 1எஸ்². லித்தியம் 1எஸ்² 2எஸ்¹. போரான் 1எஸ்² 2எஸ்² 2பி¹. மேலே நிற்கும் எண் கணிதத்தில் வரும் அடுக்கு அல்ல. 1எஸ்² என்பதை வர்க்கம் என்று வாசிக்கக் கூடாது. மேலெண்கள் எல்லாவற்றையும் கூட்டினால் அணு எண் வர வேண்டும். எழுதி முடித்தவுடன் செய்யவேண்டிய முதல் சரிபார்ப்பு இதுதான்.

இப்போது இரண்டாவது சறுக்கல். கார்பனுக்கு 2பி துணைக்கூட்டில் இரண்டு எலக்ட்ரான்கள், நைட்ரஜனுக்கு மூன்று, ஆக்சிஜனுக்கு நான்கு. பி வகையில் மூன்று ஆர்பிட்டால்கள் ஒரே ஆற்றலில் இருக்கின்றன. கார்பனின் இரண்டு எலக்ட்ரான்களும் ஒரே ஆர்பிட்டாலில் சேர்வதில்லை. ஆளுக்கொன்றில், ஒரே திசைத் தற்சுழற்சியுடன் அமர்கின்றன. நைட்ரஜனில் மூன்றும் தனித்தனியாக. இதையே ஹுண்ட் விதி என்கிறோம்: ஒரே ஆற்றலுள்ள ஆர்பிட்டால்கள் ஒவ்வொன்றிலும் முதலில் ஒரு எலக்ட்ரான் வந்த பிறகுதான் இணை சேர்தல் தொடங்கும். ஆக்சிஜனின் நான்காவது பி எலக்ட்ரானுக்கு வெற்று ஆர்பிட்டால் இல்லை. ஏற்கெனவே ஒன்று இருக்கும் இடத்தில்தான் அது சேரவேண்டும். ஒரே இடத்தில் இரண்டு எதிர்மின்சுமைகள் என்றால் விலக்கம் அதிகம். அதனால் அதை வெளியேற்றுவது நைட்ரஜனில் இருப்பதைவிட எளிதாகிறது. 14.53இலிருந்து 13.62க்கு இறங்கியதன் காரணம் அதுவே.

ஹுண்ட் விதியை வெறும் தேர்வு விதியாகப் படிக்காமல் இந்த இரண்டு எண்களோடு சேர்த்துப் படித்தால் அது மறக்காது. இணையாத எலக்ட்ரான்கள் நைட்ரஜனில் மூன்று, ஆக்சிஜனில் இரண்டு, ஃபுளூரினில் ஒன்று, நியானில் எதுவுமில்லை. நைட்ரஜன் மூன்று பிணைப்புகளையும் ஆக்சிஜன் இரண்டையும் ஃபுளூரின் ஒன்றையும் உருவாக்குவது இதன் தொடர்ச்சி. 1எஸ்² 2எஸ்² 2பி³ என்று எழுதும்போது இந்தத் தனித்தனி இருப்பு கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் பாடநூல்கள் கட்டங்கள் வரைந்து, உள்ளே மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் அம்புகள் இடுகின்றன. தொடக்கத்தில் அந்தக் கட்டங்களையும் வரைந்து பழகுவது நல்லது.

3டி நிற்க 4எஸ் ஏன் முந்துகிறது

நியானுக்குப் பிறகு மூன்றாவது கூடு தொடங்குகிறது. சோடியம் 3எஸ்¹, மெக்னீசியம் 3எஸ்², அலுமினியத்திலிருந்து ஆர்கான் வரை 3பி. ஆர்கானில் 3பி⁶ நிறைந்துவிட்டது. இனி மூன்றாவது கூட்டில் எஞ்சியிருப்பது 3டி. அதன் பத்து இடங்களும் காலி. ஆனால் பத்தொன்பதாவது எலக்ட்ரான் 4எஸ் துணைக்கூட்டுக்குப் போகிறது.

ஒரே ஒரு எலக்ட்ரான் கொண்ட ஹைட்ரஜனில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே 3எஸ், 3பி, 3டி மூன்றும் நடைமுறையில் ஒரே ஆற்றலில் இருக்கின்றன. கூட்டின் எண் மட்டுமே ஆற்றலை முடிவு செய்கிறது. எலக்ட்ரான்கள் பல இருக்கும் அணுவில் நிலைமை மாறுகிறது. உள்ளே இருக்கும் எலக்ட்ரான்கள் அணுக்கருவின் இழுவிசையை வெளியே இருப்பவற்றிடமிருந்து மறைக்கின்றன. அந்த மறைப்பை ஊடுருவிக் கருவுக்கு அருகே போகக்கூடிய எலக்ட்ரானுக்கு ஆற்றல் குறைகிறது. எஸ் வகை ஆர்பிட்டாலில், கருவின் இடத்தில்கூட எலக்ட்ரான் காணப்படும் வாய்ப்பு சுழியாவதில்லை. 4எஸ் எலக்ட்ரான் பெரும்பாலான நேரம் வெளியே இருந்தாலும், அதன் ஒரு சிறு பங்கு உட்கூடுகளுக்குள் ஆழமாக நுழைகிறது. 3டி ஆர்பிட்டால் அப்படி நுழைவதில்லை. கருவை விட்டு விலகியே நிற்கிறது. பொட்டாசியத்தில் பதினெட்டு எலக்ட்ரான்களின் முழு மறைப்பையும் 3டி அனுபவிக்கிறது. 4எஸ் அதில் ஓரளவு தப்பிக்கிறது. அதனால் 4எஸ் தாழ்ந்த ஆற்றலில் அமைகிறது. பத்தொன்பதாவது எலக்ட்ரான் அங்கே போகிறது. கால்சியத்தில் இருபதாவதும் அங்கேயே சேர்ந்து 4எஸ்² ஆகிறது. இருபத்தொன்றாவதான ஸ்காண்டியத்தில்தான் 3டி திறக்கிறது.

குறைந்த ஆற்றலுள்ள இடத்தை முதலில் நிரப்பிக்கொண்டே மேலே போவதற்கு ஆஃபா தத்துவம் என்று பெயர். எது குறைந்த ஆற்றல் என்று அறிய ஒரு கணக்கு இருக்கிறது. எஸ், பி, டி, எஃப் ஆகியவற்றுக்கு முறையே 0, 1, 2, 3 என்று எண் கொடுத்து, அதைக் கூட்டின் எண்ணோடு கூட்டுங்கள். தொகை குறைந்தது முதலில் நிரம்பும். தொகை சமமானால் கூட்டின் எண் சிறியது முந்தும். 4எஸ் என்றால் 4+0=4. 3டி என்றால் 3+2=5. ஆகவே 4எஸ் முதலில். 3டியும் 4பியும் சமம், இரண்டுக்கும் 5. அதனால் 3டி முதலில், பிறகு 4பி. பாடநூல்களில் இதை என்+எல் விதி என்பார்கள். மேடலுங் விதி என்றும் பெயர் உண்டு. இதன்படி வரும் வரிசை: 1எஸ், 2எஸ், 2பி, 3எஸ், 3பி, 4எஸ், 3டி, 4பி, 5எஸ், 4டி, 5பி, 6எஸ், 4எஃப், 5டி, 6பி, 7எஸ், 5எஃப், 6டி, 7பி.

இந்த வரிசையைத்தான் சாய்வு அம்புப் படம் காட்டுகிறது. படம் தவறல்ல. ஆனால் அதை மனப்பாடம் செய்பவர் ஒரு கோட்டைத் தவறாக வரைந்தால், தவறியது தெரியாமலே தொடர்ந்து எழுதிப் போய்விடுவார். தேர்வு அறையில் அட்டவணை கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதன் உருவம் நினைவில் இருப்பவருக்கு அந்தத் தொல்லை இல்லை.

அட்டவணையை வாசித்தல்

தனிம வரிசை அட்டவணையின் உருவத்தைப் பாருங்கள். இடப்பக்கம் இரண்டு நெடுவரிசைகள். வலப்பக்கம் ஆறு. நடுவே பத்து. கீழே தனியாக எடுத்து வைத்திருக்கும் பகுதியில் பதினான்கு. 2, 6, 10, 14. எஸ், பி, டி, எஃப் துணைக்கூடுகளின் கொள்ளளவுகள் அப்படியே அட்டவணையின் அகலங்களாக நிற்கின்றன. மெண்டலீவ் 1869இல் அட்டவணையை வெளியிட்டபோது எலக்ட்ரான் என்ற ஒன்றே கண்டுபிடிக்கப்பட்டிருக்கவில்லை; அதை ஜே. ஜே. தாம்சன் 1897இல்தான் கண்டார். தனிமங்களின் குணங்களை மட்டும் பார்த்து ஒருவர் அடுக்கிய வரிசைக்குள் இந்த அமைப்பு ஒளிந்திருந்தது என்பது இன்றும் எனக்கு வியப்பூட்டுகிறது.

வாசிக்கும் முறை இதுதான். ஹைட்ரஜனில் தொடங்கி, புத்தகம் படிப்பதுபோல இடமிருந்து வலமாக, வரிசை வரிசையாக நீங்கள் தேடும் தனிமம் வரை நடந்து வாருங்கள். இடப்பக்கத்து இரண்டு நெடுவரிசைகளிலும் வலப்பக்கத்து ஆறிலும் இருக்கும்போது, வரிசை எண்ணே கூட்டின் எண். நடுவிலுள்ள டி பகுதியில் வரிசை எண்ணிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும். எஃப் பகுதியில் இரண்டைக் கழிக்க வேண்டும். விலக்கு ஹீலியம் ஒன்றே: மந்த வாயுக்களோடு சேர்த்து வலக்கோடியில் வைக்கப்பட்டிருந்தாலும், அதன் அமைப்பு 1எஸ்².

இரும்பை எடுத்துக்கொள்வோம். முதல் வரிசையை முழுதாகக் கடந்தால் 1எஸ்². இரண்டாவது வரிசையில் 2எஸ்² 2பி⁶. மூன்றாவதில் 3எஸ்² 3பி⁶. நான்காவது வரிசையில் பொட்டாசியமும் கால்சியமும் கடந்தால் 4எஸ்². இப்போது டி பகுதிக்குள் நுழைகிறோம். நான்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் 3டி. ஸ்காண்டியம் ஒன்று, டைட்டானியம் இரண்டு, வனேடியம் மூன்று, குரோமியம் நான்கு, மாங்கனீசு ஐந்து, இரும்பு ஆறு. ஆகவே 3டி⁶. முழுவதும் சேர்த்தால்:

1எஸ்² 2எஸ்² 2பி⁶ 3எஸ்² 3பி⁶ 4எஸ்² 3டி⁶

மேலெண்களைக் கூட்டுங்கள். 26. சரி. ஐந்து டி ஆர்பிட்டால்களில் ஆறு எலக்ட்ரான்கள் என்றால், ஹுண்ட் விதிப்படி ஐந்தில் ஒவ்வொன்று, ஆறாவது ஒன்றோடு இணை சேர்கிறது. இணையாதவை நான்கு.

ஒவ்வொரு முறையும் முதல் வரிசையிலிருந்து எழுதுவது சலிப்பூட்டும். அதற்காகச் சுருக்கு முறை இருக்கிறது. தனிமத்துக்கு முந்தைய வரிசையின் கடைசியில் நிற்கும் மந்த வாயுவின் பெயரைச் சதுர அடைப்புக்குள் எழுதி, மீதியை மட்டும் சேர்த்தால் போதும். இரும்பு [ஆர்கான்] 3டி⁶ 4எஸ்². புரோமின் [ஆர்கான்] 3டி¹⁰ 4எஸ்² 4பி⁵. அயோடின் [கிரிப்டான்] 4டி¹⁰ 5எஸ்² 5பி⁵. அடைப்புக்குள் மந்த வாயுதான் வரவேண்டும். கால்சியத்தையோ துத்தநாகத்தையோ எழுதும் வழக்கம் கிடையாது.

இரும்பை முதலில் 4எஸ்² 3டி⁶ என்றும், பிறகு 3டி⁶ 4எஸ்² என்றும் எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நிரம்பும் வரிசையில் எழுதுவது ஒரு முறை, கூட்டின் எண் வரிசையில் எழுதுவது மற்றொன்று. இரண்டும் சரியானவை. எனக்கு இரண்டாவதே பிடிக்கும். காரணம் இருக்கிறது. இரும்பு தன் எலக்ட்ரான்களை இழக்கும்போது முதலில் போவது 4எஸ் எலக்ட்ரான்கள். இரண்டை இழந்த இரும்பு அயனியின் அமைப்பு [ஆர்கான்] 3டி⁶. கூடு வரிசையில் எழுதியிருந்தால், வலக்கோடியில் இருப்பதை எடுத்துவிட்டால் போதும்.

முதலில் நிரம்பிய 4எஸ் ஏன் முதலில் காலியாகிறது என்ற கேள்வி நியாயமானது. ஆற்றல் வரிசை எல்லாத் தனிமங்களுக்கும் மாறாத ஏணி அல்ல. பொட்டாசியத்திலும் கால்சியத்திலும் 4எஸ் கீழே இருக்கிறது. அணுக்கருவின் மின்னூட்டம் கூடக்கூட 3டி வேகமாகக் கீழிறங்குகிறது. ஸ்காண்டியத்திலிருந்தே அது 4எஸ்ஸைவிடத் தாழ்ந்துவிடுகிறது. அப்படியானால் எல்லா எலக்ட்ரான்களும் 3டிக்குள் ஏன் ஓடிவிடவில்லை? 3டி சிறிய, நெருக்கமான ஆர்பிட்டால். அதில் அதிகம் பேர் சேர்ந்தால் விலக்கம் கடுமையாகிறது. இரண்டு பேர் பரந்த 4எஸ்ஸில் இருப்பதே மொத்த அணுவுக்கு ஆற்றல் மிச்சம். கணக்கில் வருவது ஒரு தனி ஆர்பிட்டாலின் ஆற்றல் அல்ல, அணு முழுவதின் ஆற்றல்.

விதிக்கு அடங்காதவை

இதைப் புரிந்துகொண்டவருக்குக் குரோமியம் அதிர்ச்சி தராது. விதிப்படி அது [ஆர்கான்] 3டி⁴ 4எஸ்² ஆக இருக்க வேண்டும். உண்மையில் [ஆர்கான்] 3டி⁵ 4எஸ்¹. தாமிரம் விதிப்படி 3டி⁹ 4எஸ்². உண்மையில் [ஆர்கான்] 3டி¹⁰ 4எஸ்¹. குரோமியத்தின் நிறமாலை அதில் இணையாத எலக்ட்ரான்கள் ஆறு என்று காட்டுகிறது. 4எஸ்², 3டி⁴ என்று இருந்தால் நான்குதான் இருந்திருக்கும்.

பாதி நிறைந்ததும் முழுதும் நிறைந்ததும் அதிக நிலைப்புத்தன்மை கொண்டவை என்று பாடநூல்கள் காரணம் சொல்கின்றன. அதில் உண்மை இருக்கிறது. ஒரே திசைத் தற்சுழற்சி கொண்ட எலக்ட்ரான்கள் கூடக்கூட பரிமாற்ற ஆற்றல் என்னும் லாபம் கிடைக்கிறது; 4எஸ்ஸில் இணை சேரும் நெருக்கடியும் தவிர்க்கப்படுகிறது. 3டியும் 4எஸ்ஸும் ஆற்றலில் மிக நெருங்கியிருப்பதால் இந்தச் சிறு லாபமே தராசைச் சாய்த்துவிடுகிறது. ஆனால் இதையே எங்கும் செல்லும் சட்டமாக எடுத்துக்கொண்டால் ஏமாற்றம்தான். குரோமியத்துக்குக் கீழே மாலிப்டினம் அதே வழியில் [கிரிப்டான்] 4டி⁵ 5எஸ்¹ என்று போகிறது. அதற்கும் கீழே டங்ஸ்டன் போகவில்லை: அது [செனான்] 4எஃப்¹⁴ 5டி⁴ 6எஸ்². 74 புரோட்டான்கள் கொண்ட கனமான கருவின் அருகே எலக்ட்ரான்கள் மிக வேகமாக இயங்குவதால் எழும் சார்பியல் விளைவுகள் 6எஸ்ஸை இன்னும் கீழே இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. நியோபியமோ பாதி நிறையாத 4டி⁴ 5எஸ்¹ நிலையிலேயே இருக்கிறது. பல்லேடியம் 5எஸ்ஸை முற்றிலும் காலியாக விட்டு [கிரிப்டான்] 4டி¹⁰ ஆகிவிடுகிறது. இப்படி விதியிலிருந்து விலகும் தனிமங்கள் சுமார் இருபது.

தொடக்கநிலையில் இருப்பவர் நினைவில் வைக்கவேண்டியவை குரோமியம், தாமிரம், பிறகு தாமிரத்தின் நெடுவரிசையிலேயே நிற்கும் வெள்ளியும் தங்கமும். வெள்ளி [கிரிப்டான்] 4டி¹⁰ 5எஸ்¹. தங்கம் [செனான்] 4எஃப்¹⁴ 5டி¹⁰ 6எஸ்¹. வெள்ளியின் அந்த ஒற்றை 5எஸ் எலக்ட்ரானுக்கு இயற்பியல் வரலாற்றில் தனி இடம் உண்டு. 1922இல் ஃபிராங்ஃபர்ட்டில் ஓட்டோ ஸ்டெர்னும் வால்தர் கெர்லாக்கும் வெள்ளி அணுக்களின் கற்றையைச் சீரற்ற காந்தப்புலத்தின் வழியே செலுத்தினார்கள். கற்றை சரியாக இரண்டாகப் பிரிந்தது. தற்சுழற்சி என்ற கருத்தே அப்போது பிறந்திருக்கவில்லை. வெள்ளியில் மற்ற எல்லாம் இணை சேர்ந்து நிறைந்திருக்க, ஒரே ஒரு எஸ் எலக்ட்ரான் மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ இருந்ததைத்தான் அந்தச் சோதனை கண்டது. விதிப்படி 4டி⁹ 5எஸ்² ஆக இருந்திருந்தால், கற்றை இரண்டோடு நின்றிருக்காது.

எழுதிய அமைப்பு ஒரு தனிமத்தைக் கண்டெடுத்த கதை

இந்த எண்களும் எழுத்துகளும் தேர்வுக்காக மட்டும் உருவானவை என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் கதை ஹாஃப்னியத்தினுடையது.

1920களின் தொடக்கத்தில் 72ஆம் இடம் அட்டவணையில் உறுதியாக நிரப்பப்படாமல் இருந்தது. அது அருமண் உலோகங்களில், அதாவது 4எஃப் நிரம்பும் பகுதியைச் சேர்ந்த தனிமங்களில், ஒன்றாக இருக்கும் என்று நம்பிய வேதியியலாளர்கள் இருந்தார்கள். பிரான்சின் ஜார்ஜ் உர்பேன் அருமண் கனிமங்களிலிருந்து அதைக் கண்டுவிட்டதாக முன்பே அறிவித்து, செல்டியம் என்று பெயரும் வைத்திருந்தார். கோபன்ஹேகனில் இருந்த இயற்பியலாளர் நீல்ஸ் போர் எலக்ட்ரான்களை எண்ணினார். நான்காவது கூடு 71ஆம் தனிமத்தோடு 32 எலக்ட்ரான்களை எட்டி நிறைந்துவிடுகிறது. அப்படியானால் 72ஆம் தனிமத்தின் புதிய எலக்ட்ரான் அங்கே போக முடியாது. வெளியே, ஐந்தாவது கூட்டில் சேரவேண்டும். ஆகவே அது அருமண் உலோகமாக இருக்காது, சிர்க்கோனியத்தின் உறவாக இருக்கும்.

இன்றைய முறையில் எழுதினால் அந்த உறவு பளிச்சென்று தெரிகிறது. சிர்க்கோனியம் [கிரிப்டான்] 4டி² 5எஸ்². ஹாஃப்னியம் [செனான்] 4எஃப்¹⁴ 5டி² 6எஸ்². டிர்க் கோஸ்டரும் ஜார்ஜ் ஹெவெசியும் போர் சொன்னபடி சிர்க்கோனியக் கனிமங்களை எடுத்து எக்ஸ் கதிர் நிறமாலையில் பார்த்தார்கள். 72ஆம் தனிமத்தின் கோடுகள் அங்கே இருந்தன. 1922 டிசம்பரில் நோபல் பரிசு உரையை நிகழ்த்தவிருந்த போருக்குச் செய்தி வந்து சேர, அந்த மேடையிலேயே அவர் அதை அறிவித்தார். கோபன்ஹேகனின் லத்தீன் பெயரான ஹாஃப்னியா தனிமத்துக்குச் சூட்டப்பட்டது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலிருந்து பிரித்தெடுக்கும் சிர்க்கான் கனிமத்திலும் சிர்க்கோனியத்தோடு இந்த ஹாஃப்னியம் சிறிதளவு கலந்தே இருக்கிறது. வெளிப்புற எலக்ட்ரான் அமைப்பும் அணுவின் அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால், இரண்டையும் பிரிப்பது இன்றும் கடினமான வேலை.

நீங்களே எழுதிப் பாருங்கள்

அட்டவணையை எதிரில் வைத்துக்கொண்டு கந்தகம், வெள்ளீயம், காரீயம் ஆகிய மூன்றையும் எழுதிப் பாருங்கள். எழுதிய பிறகே கீழே படியுங்கள்.

கந்தகத்தின் அணு எண் 16. மூன்றாவது வரிசை, பி பகுதியில் நான்காவது இடம். [நியான்] 3எஸ்² 3பி⁴. மூன்று பி ஆர்பிட்டால்களில் நான்கு பேர் என்பதால் இணையாதவை இரண்டு. 3பி என்று எழுதவேண்டிய இடத்தில் 4பி என்று வந்திருந்தால், வரிசையை மறுபடி எண்ணுங்கள்.

வெள்ளீயம் 50. ஐந்தாவது வரிசை. கிரிப்டானுக்குப் பிறகு இடப்பக்கம் 5எஸ்², நடுப்பகுதி முழுவதும் கடந்ததால் 4டி¹⁰, வலப்பகுதியில் இரண்டாவது இடம் என்பதால் 5பி². [கிரிப்டான்] 4டி¹⁰ 5எஸ்² 5பி². இதில் பலர் தவறுவது 5டி என்று எழுதிவிடுவதில். டி பகுதிக்கு ஒன்றைக் கழிக்க வேண்டும்.

காரீயம் 82. ஆறாவது வரிசையில் எஃப் பகுதியும் நுழைந்துவிடுகிறது. பேரியத்துக்கும் ஹாஃப்னியத்துக்கும் இடையே கீழே எடுத்து வைத்திருக்கும் வரிசைக்குப் போய்வர மறந்தால் பதினான்கு எலக்ட்ரான்கள் காணாமல் போய்விடும். கூட்டிப் பார்த்தால் 68 வரும், தவறு உடனே தெரிந்துவிடும். சரியான விடை [செனான்] 4எஃப்¹⁴ 5டி¹⁰ 6எஸ்² 6பி². செனானின் 54, அதனோடு 14, 10, 2, 2. மொத்தம் 82.

வெள்ளீயத்தின் கடைசித் துண்டையும் காரீயத்தின் கடைசித் துண்டையும் கார்பனின் 2எஸ்² 2பி² அருகில் எழுதி வைத்து, மூன்றும் அட்டவணையில் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள்.